துப்பாக்கி இல்லாத வேட்டைக்காரர்

என் கணவருக்கு வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாது. அது அடுப்புக்குப் பக்கத்தில், அவர் மூக்குக்கு நேரே இருக்கும். அங்கே நின்றுகொண்டே "உப்பு எங்க?" என்று கூடத்தில் இருக்கிற என்னைக் கேட்பார். ஆனால் ஒரு முழுத் தோட்டத்துச் செம்பனைக் காட்டில் நேற்று ஒரு காட்டுப்பன்றி எந்தப் பக்கம் போனது, வயிறு நிறைந்து போனதா பசியோடு போனதா என்று கேட்டால் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். அப்படித்தான் அவர் சொல்லிக்கொண்டார். என் அண்ணனும் அதை நம்பினார்.

எங்கள் குடும்பத்தில் தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை வேட்டை. என் அண்ணனிடமும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரிடமும் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது. என் கணவர் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் பன்றிகள் வந்து செம்பனைக் கன்றுகளின் குருத்தைத் தோண்டித் தின்றுவிடுவதால், வந்து சுட்டுக்கொள்ளுங்கள் என்று நிர்வாகமே அனுமதி கொடுக்கும். எங்கள் பக்கத்தில் தீபாவளிக்கு ஆட்டுக்கறி எத்தனை கிலோ வெந்தாலும் சரி, காட்டுப்பன்றி பிரட்டல் இல்லாத வீட்டில் ஆண்கள் ரொம்ப நேரம் உட்கார மாட்டார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் ஏதோ நோய் வந்து காட்டில் பன்றிகள் கூட்டம் கூட்டமாகச் செத்துப் போனபோது, இவர்கள் தீபாவளியன்று கோழிக்கறியை முன்னால் வைத்துக்கொண்டு கருமாதிக்கு வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பன்றிகள் திரும்பி வருகின்றன. இவர்களுக்கும் முகத்தில் களை திரும்பி வந்திருக்கிறது.

என் கணவரிடம் துப்பாக்கி கிடையாது. அவர் தடம் பார்க்கிறவர். தீபாவளிக்கு முன்னால் வரும் சில ஞாயிறுகளில் விடிந்ததும் தோட்டத்துக்குப் போய், எந்தத் தீம்பாரில், அதாவது தோட்டத்தின் எந்தப் பகுதியில், பன்றி நடமாட்டம் இருக்கிறது, எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று பார்த்து வருவது அவர் வேலை. துப்பாக்கிக்காரர்கள் எங்கே நிற்பது, நாய் ஓட்டுகிற ஆள்கள் நாய்களை எந்தப் பக்கத்திலிருந்து விடுவது, எல்லாம் அவர் சொல்படிதான் நடக்கும். மான் தடம் தெரிந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. மானைச் சுட்டால் வனவிலங்கு இலாகா லைசென்சைப் பிடுங்குவது மட்டுமில்லை, ஆளையும் பிடித்து உள்ளே போட்டுவிடும். இதற்கெல்லாம் மேலே அண்ணன் போட்ட சட்டம் ஒன்று உண்டு. புதர் அசைந்தால் யாரும் தாமாகச் சுடக் கூடாது. தடம் பார்த்தவர் மேட்டில் நின்று பார்த்து "பன்னி!" என்று கத்தினால் சுடலாம். "விடு!" என்று கத்தினால் குழல் கீழே இறங்க வேண்டும். இத்தனைக்கும் கூலி, பன்றியின் ஒரு பின்னங்கால். அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குள் நுழைகிற நடையைப் பார்த்தால், மீதி மூன்று காலையும் பிச்சை போட்டுவிட்டு வந்தவர் என்று தோன்றும்.

இந்த வருஷம் நான் அவரோடு போக வேண்டி வந்தது. எப்போதும் கூடப் போகிற நண்பர் மகளோடு ஜோகூருக்குக் குடிபோய்விட்டார். தனியாகப் போகக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். இவர் வேறு யாரையும் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்றார். அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "நீ வரியா? சும்மா பின்னால நடந்தா போதும்லா" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து சும்மா பின்னால் நடக்க நான் கற்றுக்கொள்ளவே இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் கூப்பிட்டார்.

நான் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் பரிசோதனைப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவள். சின்னச் சின்ன பிளாஸ்டிக் சாமான்களை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறலோ புள்ளியோ இருந்தால் தூக்கி ஒதுக்குவது என் வேலை. "அப்ப சம்பளம் வாங்கிக் குறை கண்டுபிடிச்சா. இப்ப ஓசியிலேயே செய்யிறா" என்று இவர் வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்வார். நானும் சிரித்துவைப்பேன். ஓசியில் செய்கிற வேலைக்கும் ஒரு நாள் பலன் வரத்தானே செய்யும்.

முதல் ஞாயிறு லோபாக்கில் எங்கள் வீட்டிலிருந்து இருட்டுப் பிரிகிற நேரத்தில் கிளம்பினோம். "மோட்டார நீயே ஓட்டு. எனக்கு முட்டி வலி" என்று பின்னால் ஏறிக்கொண்டார். சில மாதங்களாகவே மோட்டார் சைக்கிள் என் கைக்கு வந்திருந்தது. முட்டி வலிக்கிறவர் மாடிப்படியில் மட்டும் எப்படித் தடதடவென்று ஏறுகிறார் என்று நினைப்பேன். அதை அவருடைய சோம்பல் கணக்கில் சேர்த்துவிடுவேன். தொலைக்காட்சிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வதையும் அப்படித்தான் செய்தியின் மேல் வந்த புது ஆசை என்று விட்டுவிட்டேன். வழியில் தெமியாங்கில் மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுப் போனோம்.

தோட்டத்து எல்லையில் ஒரு மரத்தடியில் முனியாண்டியின் சூலம் நிற்கிறது. அங்கே சுருட்டு கொளுத்தி வைக்காமல் யாரும் வேட்டைக் காரியத்துக்கு உள்ளே போவதில்லை. இவர் சுருட்டை எடுத்தார், தீக்குச்சியைக் கிழித்தார். நெருப்பு சுருட்டின் முனைக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டு இருந்ததே தவிர முனையைத் தொடவில்லை. குச்சி குச்சியாக வீணானது.

"காத்து" என்றார்.

ஒரு இலை அசையவில்லை. நான் சுருட்டை வாங்கிக் கொளுத்திக் கொடுத்தேன். முனியாண்டி ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு எனக்குப் பாடம் ஆரம்பமானது. பேசக் கூடாது. குச்சியை மிதிக்கக் கூடாது. பவுடர் போட்டுக்கொண்டு வந்தது தப்பு, அந்த வாசம் பன்றிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் எட்டும். பன்றிக்கு எட்டுகிற வாசம் இத்தனை வருஷத்தில் இவருக்கு ஒரு நாளும் எட்டியதில்லையே என்று நினைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்துக்குள் கால் வைத்ததும் மனிதர் மாறிவிட்டார். முதுகு நிமிர்ந்தது. எந்த நிரை எங்கே போகும், எந்தக் கால்வாயில் எங்கே பலகை கிடக்கும் என்று கால்களே அவரைக் கூட்டிப் போயின. வீட்டில் தேத்தண்ணிக்குக் கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரா இவர் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சேறு குழம்பிக் கிடந்த ஓர் இடத்தில் நின்றார். பன்றி புரண்ட குட்டை. குந்தி உட்கார்ந்து, சேற்றில் பதிந்த குளம்படியில் விரல்களை விட்டு மெதுவாகத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"தொட்டுப் பாரு" என்று எனக்கும் காட்டிக்கொடுத்தார். "முன்னால ரெண்டு குளம்பு. பின்னால ரெண்டு பக்கமும் குத்துன மாதிரி சின்னப் பள்ளம். அது இருந்தா பன்னி. ஒடுக்கமா, முனை கூரா, பின்னால குத்து இல்லாம இருந்தா கிஜாங் மான்."

கிஜாங் என்பது நாய் மாதிரிக் குரைக்கிற, ஆட்டை விடக் கொஞ்சம் பெரிய மான். இவர் கண்ணை மூடி விரலால் தடம் படிப்பதைப் பார்த்து நான் அசந்துதான் போனேன். இதுவல்லவா வித்தை என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது, அறுவடைக்காரர்கள் வண்டி நிறுத்துகிற இடத்தில், ஒரு செம்பனை மரத்தில் யாரோ மழைக்கோட்டை மாட்டி மேலே ஹெல்மெட்டையும் தொங்கவிட்டிருந்தார்கள். இவர் கையைத் தூக்கி, "அப்பா காபார், பாங்?" என்று மலாயில் மரியாதையாக நலம் விசாரித்தார். கோட்டு பதில் சொல்லவில்லை. "வங்காளதேசத்துப் பசங்களுக்கு வணக்கம் சொன்னா திருப்பிச் சொல்லத் தெரியாது" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டு நடந்தார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வீட்டுக்கு வந்து துணி காயப்போடும்போது நினைத்து மறுபடியும் சிரித்தேன். கையில் இருந்த சட்டையைக் கொடியில் போட்டபோதுதான் சிரிப்பு நின்றது. தீக்குச்சி, மோட்டார், தொலைக்காட்சி, விரலால் தடவியது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. அது வித்தை இல்லை. இவருக்குக் கண் தெரியவில்லை.

போன வருஷமே கிளினிக்கில் சொன்னார்கள். கண்புரை, ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன ஆபரேஷன், பிறகு நன்றாகத் தெரியும் என்று. இவர் கேட்டுவிட்டு, "இன்னும் முத்தட்டும்" என்று பலாப்பழத்தைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார். பயம்தான். காட்டுப்பன்றிக்குப் பயப்படாத மனிதர், விரல் நகம் அளவு கத்திக்குப் பயந்தார். நானும் கேட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், சண்டையும் போட்டேன். அப்புறம் அது அவ்வளவு முற்றியிருக்காது என்று விட்டுவிட்டேன்.

எனக்கு முதலில் வந்தது கோபம். பக்கத்தில் படுத்திருக்கிற எனக்கே தெரியாமல் ஒரு மனிதர் குருடாகிக்கொண்டு இருந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? நேராகக் கேட்டுவிடலாம் என்று இரண்டு மூன்று முறை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும், தோட்டத்துக்குள் நுழைந்ததும் நிமிர்ந்த அந்த முதுகு ஞாபகம் வந்தது. லாரி ஓட்டுவதை விட்டு ஓய்வான பிறகு, அவரை நாலு பேர் தேடி வந்து யோசனை கேட்கிற ஒரே காரியம் இதுதான். இதையும் பிடுங்கிவிட்டால் மனிதர் நாற்காலியோடு நாற்காலியாகிவிடுவார். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறிலிருந்து நானே பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கிறேன் என்று காட்டிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். "ஏங்க, இந்த மரத்துல சேறு பூசின மாதிரி இருக்கே, இது என்னங்க?" என்று கேட்பேன். அவர் வந்து கையால் தடவி, "இதுவா? பன்னி முதுகு உரசியிருக்கு. பெரிய ஆண்" என்பார். "ஏங்க, இந்தக் கன்னோட குருத்த யாரோ பிச்சுப் போட்ட மாதிரி இருக்கே?" என்பேன். "யாரோ இல்ல, அவன்தான்" என்பார். அசடு மாதிரி கேள்வி கேட்கிற பெண்டாட்டியும் எல்லாம் தெரிந்த புருஷனுமாகத் தோட்டம் முழுக்கச் சுற்றினோம். பள்ளிக்கூட நாடகத்தில்கூட நான் இவ்வளவு நன்றாக நடித்ததில்லை.

ஒரு தடவை கால்வாய்ப் பலகையில் கால் தடுக்கி முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டார். "ஆழம் பார்த்தேன்" என்றார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத வம்சம் அது. நான் கையைக் கொடுத்து ஏற்றிவிட்டு, "ஆழம் எவ்வளவுங்க?" என்று கேட்டேன்.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். அவர் என்னைவிடச் சில வயது மூத்தவர். குரலில் அதைவிடப் பல வயது மூத்தவர். சாப்பாட்டு மேசையில் இவர் ஊறுகாய்ப் பாட்டிலைத் தோட்டத்து வாசலாக வைத்து, கரண்டியைக் கால்வாயாகப் படுக்கவைத்து, பன்றி எங்கே புரண்டது, எங்கே தோண்டியது என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. இருக்காதா பின்னே.

அண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "மாப்ள, உனக்கு இருக்கிறது கண்ணு இல்லலா. பைனாகுலர்" என்றார்.

இவர் அடக்கமாகச் சிரித்தார். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. நான் எழுந்து போய்ச் சமையலறையில் தேவையே இல்லாமல் ஒரு சட்டியைக் கழுவினேன்.

வேட்டைக்கு முந்திய ஞாயிறு, நாங்கள் இன்னும் பார்க்காமல் விட்டிருந்த மறுநடவு தீம்பாருக்குப் போனோம். அந்தப் பக்கம் காடும் தோட்டமும் ஒரு பள்ளத்தில் சந்திக்கின்றன. முந்தின நாள் மழை பெய்து மண் மெத்தென்று இருந்தது. இவர் குந்தி உட்கார்ந்து விரலை விட்டார்.

"பன்னி" என்றார். "நல்லா கனமானவன். இங்கதான் மூணு துப்பாக்கியையும் நிறுத்தணும்."

நான் குனிந்து பார்த்தேன். ஒடுக்கமான தடம். முனை கூர். பின்னால் குத்து இல்லை. மழை மண்ணில் எல்லாமே ஆழமாகத்தான் பதியும். விரலுக்கு ஆழம் தெரிந்ததே தவிர வடிவம் தெரியவில்லை.

"ஏங்க, இதுல பின்னால குத்து இல்லையே?"

"மழையில அழிஞ்சிருக்கும்."

"முனை அழியாம அது மட்டும் அழியுமா?"

"நீ தொழிற்சாலையில பிளாஸ்டிக் பார்த்தவ. இது பன்னி."

நான் பதில் சொல்ல நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன். கால்வாய்க்கு அந்தப் பக்கம், புதருக்கு வெளியே, வெயில் விழுந்த இடத்தில் நின்றது. செம்பழுப்பு நிறம். கொம்பு இல்லை, பெட்டை. காதுகள் மட்டும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. என் வாழ்க்கையில் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நான் பார்த்த முதல் மான் அதுதான். அவ்வளவு அழகாக இருந்தது. இவரும் பார்க்க வேண்டும் என்கிற ஆசையில் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, இவர் தோளைத் தொட்டு, "மான்ங்க. அதோ. நேரா பாருங்க" என்று கிசுகிசுத்தேன்.

இவர் மெதுவாக எழுந்தார். நேராகத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். புருவத்தைச் சுருக்கினார், கழுத்தை நீட்டினார். மானும் இவரையே பார்த்தது. அப்புறம் ஒரு தாவு தாவிப் பள்ளத்துக்குள் இறங்கிப் போய்விட்டது.

அது போன பிறகு இவர் பேசினார்.

"ஆமா ஆமா. நல்லா தெரியுது" என்றார். காலியாகக் கிடந்த புதரைக் காட்டி, "என்னா கொம்பு பாரு அதுக்கு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேட்டை நாளில் மேட்டில் நின்று "பன்னி" என்றும் "விடு" என்றும் கத்தப்போகிறவர் இவர். மூன்று துப்பாக்கிகள் இவர் குரலுக்குக் காத்திருக்கும். அந்தப் புதருக்குப் பின்னால் நாயை ஓட்டிக்கொண்டு ஆள்கள் வருவார்கள். அங்கே நின்றது மானாக இல்லாமல் மனிதராக இருந்தாலும் இவருக்குப் புதர்தான். மூன்று வாரமாக நான் இவருடைய மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய உயிரை வைத்து விளையாடிக்கொண்டு இருந்திருக்கிறேன். திரும்பி வரும் வழியிலேயே, சாயங்காலம் அண்ணன் வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இவர் என்னோடு ஒரு மாதம் பேசாவிட்டாலும் பரவாயில்லை என்று முடிவு செய்தேன். இவர் பேசாமல் இருந்தால் வீடு எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை.

அண்ணன் வந்தார். ஊறுகாய்ப் பாட்டில் வந்தது, கரண்டி வந்தது. நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

"மறுநடவு பக்கம் வேணாம் மச்சான்" என்று இவர் ஆரம்பித்தார். "அங்க மான் இருக்கு."

"நீ பார்த்தியா மாப்ள?"

"நான் பார்க்கல. உன் தங்கச்சி பார்த்தா." கரண்டியை எடுத்து நேராக வைத்தார். "பார்த்தேன்னு இவகிட்ட சொன்னேன். பொய். எனக்குக் கண்ணு தெரியல மச்சான். இந்த வருஷம் தடம் பார்த்தது பூரா இவதான்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"மூணு வாரமா 'இது என்னங்க, அது என்னங்க'ன்னு கேட்டுக்கிட்டே வந்த. கல்யாணம் கட்டுன நாள்லேருந்து நீ என்கிட்ட ஒரு விஷயம் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டது உண்டா? ரெண்டாவது கேள்வியிலேயே தெரிஞ்சிபோச்சு" என்றார்.

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நானும் சிரித்தேன், கண்ணும் கலங்கியது. எனக்கு மட்டும்தான் நடிக்கத் தெரியும் என்று நினைத்திருந்தேன். என்னை நடிக்க விட்டுவிட்டு இந்த மனிதர் முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

அண்ணன் தாடையைத் தடவினார். பிறகு, "அப்ப மேட்டுல நின்னு கத்துறது தங்கச்சி. மாப்ள பக்கத்துல நிக்கட்டும்" என்றார். அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது. "பின்னங்கால் யாருக்கு?" என்று நான் கேட்டதற்கு, "ஒரே வீட்டுச் சட்டிக்குத்தானே போவுது" என்றார்.

ஆபரேஷனைப் பற்றி அண்ணனும் அன்று எடுத்துச் சொல்லிப் பார்த்தார். இவர் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார். "தீபாவளி போகட்டும்" என்றார். அப்புறம், "தைப்பூசமும் போகட்டும்" என்றார். உண்மையைச் சொல்லியாகிவிட்டது, அதுவே போதும் என்ற நிம்மதி அவருக்கு.

வேட்டை நாளன்று மானில்லாத வேறு தீம்பாருக்குப் போனோம். அண்ணனின் கூட்டாளிகளுக்கு என்னைப் பார்த்ததும் முகம் கோணியது. பெண் குரலுக்குப் பன்றி வருமா என்று ஒருவர் மெல்லக் கேட்டார். "வீட்டுல நீங்க வர்றீங்கல்ல" என்றேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அண்ணன் வழக்கம்போல நின்று சட்டத்தைச் சொன்னார். நின்ற இடத்தைவிட்டு யாரும் அசையக் கூடாது. குரல் கேட்காமல் சுடக் கூடாது. எல்லாரும் தலையாட்டினார்கள். அண்ணன் கால்வாய் ஓரமாகப் போய் நின்றார். கேள்வி கேட்ட கூட்டாளி எங்களுக்குக் கீழே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நின்றார். இன்னொருவர் அந்தக் கோடியில் நின்றார். நாங்கள் இரண்டு பேரும் மண்மேட்டின் மேல். தூரத்தில் நாய்கள் குரைக்க ஆரம்பித்தன.

கொஞ்ச நேரத்தில் கூட்டாளிக்கு எதிரே இருந்த பெரணிப் புதர் அசைந்தது. அவர் துப்பாக்கியைத் தூக்கினார். தூக்கிக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தார். இவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். புதருக்குள் குச்சிகள் முறியும் சத்தம் எனக்கும் கேட்டது.

"பன்னிதான்" என்று இவர் என் காதருகே சொன்னார். "கனமா வருது, கேட்டியா? கத்து."

எனக்குப் புதர்தான் தெரிந்தது. அதற்குள் பழுப்பாக ஏதோ நகர்ந்தது. பழுப்புத்தான், பன்றியின் நிறம்தான். சொல் தொண்டைக்கு வந்துவிட்டது. ஆனால் விளக்கடியில் உட்கார்ந்த காலத்துப் பழக்கம், ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எதையும் ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வராது. இன்னொரு தடவை பார்த்தேன்.

"கத்து புள்ள. போயிரப் போவுது."

பழுப்புக்கு நடுவில் ஏதோ பளிச்சென்றது. கைக்கடிகாரம்.

"விடு!" என்று கத்தினேன். "விடு! விடு!"

குழல் இறங்கியது. புதரை விலக்கிக்கொண்டு, பழுப்புச் சட்டையும் தோளில் மாட்டிய துப்பாக்கியுமாக, கால்சட்டையின் ஜிப்பை இழுத்து விட்டபடி என் அண்ணன் வெளியே வந்தார். இனிப்புநீர் வியாதி உள்ளவர், சிறுநீரை அடக்க முடியாமல் ஒதுங்கியிருக்கிறார். நின்ற இடத்தைவிட்டு அசையக் கூடாது என்று சட்டம் போட்டவர்.

"என்னாம்மா, இந்தக் கத்து கத்துற?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அப்புறம்தான் கூட்டாளியின் கையில் இருந்த துப்பாக்கியையும் அவர் முகத்தையும் பார்த்தார்.

கூட்டாளி துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அண்ணனும் சிரித்தார். அந்தக் கோடியில் இருந்தவர் ஓடி வந்து, என்ன நடந்தது என்று கேட்டு, அவரும் சிரித்தார். அதற்கு மேல் யாருக்கும் வேட்டையில் மனம் இல்லை. நாய்களைக் கூப்பிட்டுக் கட்டினார்கள். தீபாவளிக்குக் கோழிதான் என்று அண்ணன் அறிவித்தார்.

இவர் மட்டும் சிரிக்கவில்லை. மேட்டிலேயே நின்றுகொண்டு, அண்ணனுடைய குரல் வந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். எப்போதும் உதறிவிடுகிற கை, அன்று என் கையை விடவில்லை. மோட்டார் நின்ற இடத்துக்கு வந்ததும் பின்னால் ஏறிக்கொண்டார்.

"தீபாவளி வரைக்கும் காக்க வேணாம். நாளைக்குக் காலையிலயே போவோம்" என்றார்.

எங்கே என்று நான் கேட்கவில்லை.